பூண்டுக்குக் கோபித்துக்கொண்டு மலையேறியவர்

மலைமேல் எங்கள் நாயுடுபுரத்தில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் தண்டபாணி காபி கிளப்பில் சாப்பிட்டிருப்பதாகத்தான் சொல்கிறார்கள். ஐம்பத்தொன்பதில் அதை மூடினார்கள், பத்து வருஷம் ஆகிறது. போன வாரம் என் வகுப்புப் பிள்ளை ஒருவனின் அப்பா, "அந்தப் பூண்டுக் குழம்பு மாதிரி இனிமே எவனும் வைக்க முடியாதுங்க டீச்சர்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவர் இந்த மலைக்கு வந்ததே அறுபத்திரண்டில். சாப்பிட்டதாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் உண்மையாகச் சாப்பிட்டிருந்தால் அந்தக் கிளப்புக்கு ஏரி அளவு இடம் வேண்டியிருந்திருக்கும். இருந்தது நான்கு பெஞ்சு.

நான் அங்கே ஏழு வருஷம் சாப்பிட்டவள். அதனால் முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இட்லி நன்றாக இருக்காது. குளிரில் மாவு புளிக்காது. புளிக்காத மாவையும் அவர் வீணாக்கமாட்டார். சாம்பார் காலையில் சாம்பார் என்ற பெயரில் பிறந்து, மத்தியானம் ரசமாகி, சாயங்காலம் தீர்த்தமாகி முக்தி அடையும். காபியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஆனால் பூண்டுக் குழம்பு இருந்ததே, அது வேறு.

ஐம்பத்திரண்டில் நாயுடுபுரம் ஆரம்பப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது, என்னைத் தவிர. கருப்பம்மாள் என்பவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. மேலே தகரம், சுற்றிலும் பலகை.

"அடுப்பு மட்டும் மூட்டக் கூடாது டீச்சர்," என்றார் கருப்பம்மாள். "பலகை பத்திக்கிட்டா நீங்க வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிருவீங்க. நான் எங்க போறது?"

நியாயமான கேள்வி. அதனால் அன்று மத்தியானமே தெருக்கோடியில் இருந்த காபி கிளப்புக்குப் போனேன். வாசலில் நின்றிருந்தவர்தான் முதலாளி, திருமலைச்சாமி. சமையலும் அவர்தான், பரிமாறுவதும் அவர்தான். கழுத்தில் சிவப்பு மப்ளர், தலையில் குரங்குக் குல்லாய், குல்லாய்க்கும் புருவத்துக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் பட்டை விபூதி.

"பார்சலா டீச்சர்?"

"இல்லை. சாப்பிட வந்தேன்."

பெஞ்சில் இருந்த ஆண்கள் இன்ஸ்பெக்டர் நுழைந்த வகுப்பு மாதிரி நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"பொம்பளைங்க உக்காந்து சாப்பிடுற வழக்கம் இங்க இல்லீங்களே," என்றார் திருமலைச்சாமி.

"வழக்கம் இல்லை. பசி இருக்கு."

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நெசந்தான்," என்று இலையைப் போட்டார்.

மறுநாள் போனபோது என் பெஞ்சுக்கு முன்னால் ஒரு சாக்கைப் பிரித்துத் திரையாகக் கட்டியிருந்தார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அதில் கை துடைத்தேன். மூன்று நாள் துடைத்தேன். நாலாம் நாள் சாக்கு இல்லை. ஆண்களும் பழகிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் எனக்குச் சிநேகிதமானார்கள். ஒருவர் தையற்காரர் நல்லுசாமி. துரைமார் போட்டுக் கழித்த கோட்டுகளைப் பிரித்து, நம்மவர்களின் தோளுக்குக் குறைத்துத் தைக்கிறவர். இன்னொருவர் சேனாதிபதி, வத்தலக்குண்டுக்கு உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர். பெயர்தான் சேனாதிபதி. பலமாகக் காற்றடித்தால் ஆளை லாரியோடு சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும்.

பூண்டுக் குழம்பு மத்தியானம் மட்டும். வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மேகமாக இருக்கும். உள்ளே சுடுசோற்றைக் குழித்துக் கறுப்பாக, எண்ணெய் மிதக்க, முழு முழுப் பூண்டாக ஊற்றுவார். முதல் கவளத்தில் காது சூடாகும். இரண்டாவதில் அடைத்த மூக்கு திறக்கும். மூன்றாவதில் நமக்குக் கெடுதல் செய்தவர்களை எல்லாம் மன்னித்துவிடலாம் என்று தோன்றும். நான்காவதில் அந்த எண்ணம் போய்விடும், குழம்பு மட்டும் இருக்கும். தவக்காலத்தில் கறியை விட்ட வேதக்காரர்கள் இங்கே வந்துதான் ஈடுகட்டிக்கொண்டார்கள். அதில் தவம் எங்கே இருந்தது என்று எந்தப் பாதிரியாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

திருமலைச்சாமி பழனிக்காரர். மலைக்கோயிலுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூக்கட்டிக் கொடுக்கிற குடும்பம். வீட்டில் பூண்டு நுழையாது. இருபது வயதில் பாலசமுத்திரத்தில் ஒரு சிநேகிதன் வீட்டில் பூண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து, மாலை தொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் சுவாமிநாதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஏப்பம் விட்டிருக்கிறார். அன்றைக்குத் தொடுத்த மாலை முழுவதையும் அண்ணன் குளத்தில் போட்டுவிட்டாராம். "இனிமே நீ பூவைத் தொடாதே" என்றாராம். இவர் அன்றே கிளம்பிவிட்டார்.

"பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு மலையேறின சாமி ஊர்ல பொறந்தவன் டீச்சர் நான்," என்று சொல்வார். "பூண்டுக்குக் கோவிச்சுக்கிட்டு மலையேறிட்டேன். அவரு சின்ன மலையோட நின்னுட்டாரு. எனக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தி."

அடுப்புக்கு மேலே தண்டபாணி படம் ஒன்று மாட்டியிருந்தார். வியாபாரம் படுத்துவிட்டால் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவார். கேட்டால், "கொஞ்ச நாளு செவுத்தப் பாக்கட்டும். நான் தெனம் அதத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார்.

முருகம்மாளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். பூம்பாறைக்காரி. புருஷன் காய்ச்சலில் போய்ப் பல வருஷம். பிள்ளை கிடையாது. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய கொஞ்சம் நிலம், ஒரு மட்டக்குதிரை. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளனே கிளம்பிப் பன்னிரண்டு மைல் நடந்து, குதிரை முதுகில் பூண்டு மூட்டையோடு பத்து மணிக்குக் கிளப் வாசலில் வந்து நிற்பாள். அந்தப் பூண்டு சிறிசு. உரித்தால் விரல் நுனி எரியும்.

மூட்டையை அவிழ்த்ததும் திருமலைச்சாமி ஒரு பல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார்.

"இது பூண்டா, எலிப் பல்லா?"

"எலிப் பல்லு எப்படி இருக்கும்னு ஒனக்குத்தான்யா தெரியும். ஒன் அடுப்படியில தெனம் பாக்குறவன்."

"போன தடவ பாதி சொத்தை."

"சொத்த பூண்டுல இல்ல. வைக்கிற கையில இருக்கு."

பிறகு அவள் பாட்டுக்கு அடுப்படிக்குள் நுழைவாள். கொதிக்கிற குழம்பைக் கரண்டியால் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். முகத்தைச் சுளிப்பாள்.

"ஆறு மாசம் பனியில கெடந்து வளத்தேன். அரை நாழியில கொன்னு போட்டுட்டியேய்யா. இதுக்கு நீ பூவே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான். திருமலைச்சாமிக்குக் காது சிவந்துவிடும். இரும்புச் சட்டியை எடுத்து டங்கென்று வைப்பார். எண்ணெய் ஒரு கரண்டி கூட விழும். மிளகாய் ஒரு பிடி கூட விழும். பூண்டை உரிக்கிற வேகத்தில் தோல் கூரைவரை பறக்கும். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே பார்த்தபடி இன்னும் நாலு வார்த்தை எடுத்துக் கொடுப்பாள். கடைசியில் இறக்கி வைப்பாரே ஒரு குழம்பு, அதைத்தான் ஊர் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. மற்ற நாளில் அவர் வைத்தது வெறும் நல்ல குழம்பு. புதனும் ஞாயிறும் வைத்தது கோபத்தில் வைத்த குழம்பு.

இது எங்களுக்கு எல்லாம் தெரியும். சேனாதிபதி தன் லாரியைப் புதன்கிழமை மத்தியானம் நாயுடுபுரத்தில் நிற்கிற மாதிரி நடை அமைத்துக்கொண்டார். நான் புதன்கிழமை மத்தியான மணியைப் பத்து நிமிஷம் முன்னால் அடிக்கச் சொல்வேன். பிள்ளைகளுக்கும் சந்தோஷம்தான்.

"ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டா நம்ம கதி என்ன ஆகுறது?" என்பார் நல்லுசாமி.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முருகம்மாள் ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. மூன்று வாரம் ஆகியும் ஆளைக் காணோம். திருமலைச்சாமி வேறு யாரிடமோ பூண்டு வாங்கிக் குழம்பு வைத்தார். ஆஸ்பத்திரிக் கஞ்சி அதைவிடக் காரமாக இருந்திருக்கும். சண்டைக்கு ஆள் வேண்டுமென்று நல்லுசாமியிடம் வம்பிழுத்துப் பார்த்தார். நல்லுசாமி அழுகிற மாதிரி ஆகிவிட்டார். தண்டபாணி படம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

ஒரு நாள் நான் சாப்பிட்டு எழுந்தபோது என்னிடம் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரு கடுதாசி எழுதணும். பூம்பாறைக்கு."

பையிலிருந்து தாளை எடுத்தேன். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"முருகம்மாளுக்கு. மூணு வாரமா வரல. வராட்டி எனக்கு ஒண்ணும் இல்ல. வேற பூண்டு வாங்கிக்கிட்டேன். அது ஒன் பூண்டவிட நல்லா இருக்கு." நிறுத்தினார். "நல்லா இருக்குன்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"அத அடிச்சிருங்க. பொய் எதுக்கு?"

அடித்தேன்.

"அடிச்சது தெரியுதா?"

"தெரியுது."

"தெரியட்டும்," என்றார். பூம்பாறைக்குக் குதிரை ஓட்டிக்கொண்டு போன சின்னக்கருப்பனிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பினோம்.

மூன்றாம் நாள் சின்னக்கருப்பன் திரும்பி வந்தான். "முருகம்மா வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சு கெடக்குதுண்ணே. கடுதாசிய ஊர் வாத்தியாரு படிச்சுக் காட்டினாரு. அடிச்சிருந்ததயும் படிச்சாரு. 'கோவம்னா நேர்ல வந்து காட்டச் சொல்லு. தாள்ல என்ன கோவம்'னு சொல்லுச்சு."

திருமலைச்சாமி அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். ஆறு பேர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு துணிப்பையில் புளி, மிளகாய், நல்லெண்ணெய்ப் புட்டி எடுத்து வைத்துக்கொண்டு, குடையை விரித்து மழையில் இறங்கிவிட்டார்.

"எங்கண்ணே?" என்றார் சேனாதிபதி.

"ஒரு சோலி."

அந்தச் சோலிக்கு ஐந்து நாள் ஆயிற்று. நான் வாழைப்பழத்தில் உயிர் வாழ்ந்தேன். ஆறாம் நாள் வந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அவளக் கட்டிக்கப் போறேன்" என்றார். நல்லுசாமி வாயிலிருந்த காபியை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார்.

"என்ன நடந்தது?" என்று நான்தான் கேட்டேன்.

"அஞ்சு நாளு சமைச்சுப் போட்டேன் டீச்சர். அஞ்சு நாளும் குத்தம் சொன்னா. படுத்துக்கிட்டே சொன்னா. கெளம்புறப்ப கேட்டேன், 'வாரத்துல ரெண்டு நாளு என்னையத் திட்டுறதுக்குப் பன்னெண்டு மைல் நடக்குறியே, அங்கயே வந்து இருந்துக்கிட்டா என்ன'ன்னு. 'கால் சரியாகட்டும்'னா."

"ஊர்ல ஒண்ணும் சொல்லலியா?"

"அவுக ஊர்ல தாலி அறுத்தவ மறுபடி கட்டிக்கிறது சாதாரணம். 'பழனிக்காரன், பட்டை பட்டையா விபூதி வேற பூசியிருக்கான், சாக்கிரதையா இரு'ன்னு மட்டும் சொன்னாகளாம்."

மார்கழியில் அவளுக்குக் கால் சரியாகி, பழையபடி புதனும் ஞாயிறும் வர ஆரம்பித்தாள். தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. எப்படியோ பழனிக்குச் செய்தி போய்விட்டது. தை பிறந்த முதல் புதன்கிழமை அண்ணன் சுவாமிநாதனும் தங்கை விசாலாட்சியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் சுவாமிநாதன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருக்கிறார். இறங்கும்போது வயிற்றில் கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. வெள்ளை வேட்டி, உருத்திராட்சம், மேலே ஒரு சால்வை. பல் கிட்டித்துப் போயிருந்தது. முப்பது வருஷத்தில் அண்ணன் தம்பி சந்திப்பது அதுதான் முதல் தடவை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்நேரம் நாலு பெஞ்சும் நிறைந்திருந்தது. யாரும் எழுந்து போகிற மாதிரி இல்லை.

"விதவைங்கிறாங்க," என்றார் சுவாமிநாதன்.

"ஆமா."

"வேற சாதிங்கிறாங்க."

"ஆமா."

"பூண்டு விக்கிறவளாமே." இதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

திருமலைச்சாமி கரண்டியைக் கையில் எடுத்தார். "சாப்பிடுறீகளா?" என்றார்.

"இங்க பச்சத் தண்ணி கூடக் குடிக்கமாட்டேன்."

"அப்பச் சரி."

விசாலாட்சியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, எனக்குக் குளிருது. நான் சாப்பிடுறேன்" என்றார். சொல்லிவிட்டு இலைக்குக் காத்திராமல் என் இலையில் இருந்த குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு பேசவே இல்லை. அன்று காலையில்தான் முருகம்மாள் வந்து, உப்பிலிருந்து குல்லாய்வரை ஒன்று விடாமல் குறை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதனால் குழம்பு உச்சத்தில் இருந்தது.

சுவாமிநாதன் அரை மணி நேரம் நின்றார். மேகம் உள்ளே வந்து அவரைச் சுற்றிக்கொண்டது. வாசனை வேறு. கடைசியில் பெஞ்சின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்தார்.

"சளி பிடிச்சிருக்கு. மருந்தா நெனச்சுக் கொஞ்சம்," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு மருந்தைச் சாப்பிட்டார். மூன்று தடவை சோறு வாங்கினார். மூன்றாவது தடவை கண்ணைத் திறந்தே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, "இந்தப் பூண்டு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"நம்ம காட்டுப் பூண்டுதாங்க," என்றது வாசலில் ஒரு குரல். முருகம்மாள் சந்தையிலிருந்து திரும்பி வந்து, குதிரைக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "இவரு வச்ச லட்சணத்துல பாதி ருசி போச்சு."

சுவாமிநாதன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்தான்," என்றார்.

"அதச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்குறதில்ல."

"சின்ன வயசுல இருந்தே இவன் யார் சொல்லியும் கேக்கமாட்டான்."

தம்பியைக் குறை சொல்ல முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு துணை கிடைத்துவிட்டது அவருக்கு. அரை மணி நேரம் இருவரும் திருமலைச்சாமியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்கள். கல்யாணத்தை நிறுத்துவது பற்றிப் பேச நேரமே இல்லை. பஸ் ஏறும்போது சுவாமிநாதன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். அவர் சாப்பிட்டது பழனியில் யாருக்கும் தெரியக்கூடாது. வழி முழுக்க மெல்லுவதற்குச் சேனாதிபதி ஒரு பொட்டலம் கிராம்பு வாங்கிக் கொடுத்தார்.

கல்யாணம் பூம்பாறையில், குழந்தை வேலப்பர் சந்நிதியில். குழந்தை என்பதால் அவர் பூண்டுக்கு ஆட்சேபம் சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் நடந்தே போனோம். சுவாமிநாதனும் வந்தார், அவரால் ஏற்றம் ஏற முடியாமல் மட்டக்குதிரை மேல் உட்கார வைத்தார்கள். பழனிப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குதிரையின் பிடரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். முருகம்மாள் நாயுடுபுரத்துக்கே வந்துவிட்டாள். காலையில் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள். அவர் ஏதோ சொல்வார், அவள் சிரிப்பாள். தண்டபாணி எங்களைப் பார்த்தபடியே இருந்தார். ஆனால் குழம்பு போய்விட்டது. கறுப்பாக இருந்தது, எண்ணெயும் மிதந்தது, காது மட்டும் சூடாகவில்லை. சாப்பிட்டால் சாப்பிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மாதம் பொறுத்தோம். மாசி மாதம் நல்லுசாமியும் சேனாதிபதியும் நானும் தையற்கடையில் கூடிப் பேசினோம். சண்டையை எப்படியாவது மூட்டிவிடுவது என்று முடிவாயிற்று. குடும்பத்தைக் கலைக்கிற பாவம் என்று நல்லுசாமி கொஞ்சம் தயங்கினார். "கலைக்க வேண்டாம்ணே. ஞாயிறும் புதனும் மட்டும் லேசா ஆட்டிவிட்டா போதும்" என்றார் சேனாதிபதி.

முதல் பொறுப்பு எனக்கு. பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் சொன்னால் நம்புவார்களாம். முருகம்மாள் தனியாக இருந்தபோது போய், "உங்க பூண்டைவிட மன்னவனூர்ப் பூண்டு நல்லதுன்னு அவர் சொன்னாராமே" என்றேன்.

அவள் கொஞ்சம் நினைத்துப் பார்த்தாள். "இந்த வருசம் மன்னவனூர்ல நல்ல மழ டீச்சர். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அடுத்து சேனாதிபதி போனார். "அண்ணே, அண்ணி உங்களுக்குச் சமைக்கவே தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது."

"ஆமாலே," என்றார் திருமலைச்சாமி. "எனக்குங்கூட ரொம்ப நாளா அந்தச் சந்தேகம் உண்டு."

நான் ஒரு நாள் முருகம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டேன், ஏன் இப்போதெல்லாம் திட்டுவதில்லை என்று.

"வாரத்துக்கு ரெண்டு நாளுன்னா திட்டலாம். தெனமுமா? வேற சோலி கெடக்குல்ல," என்றாள். பிறகு தெருவைப் பார்த்தாள். நிலத்தைச் சின்னக்கருப்பனிடம் விளைச்சலில் பங்குக்கு விட்டிருந்தாள். அவன் களையே எடுப்பதில்லையாம். மண்வெட்டி பிடித்த கைக்கு ஈரத்துணியும் பாத்திரமும் பிடிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரவில் படுத்தால் ஊர் மண்வாசனை வருகிறது என்றாள். "இங்க பெட்ரோல் வாசன."

வாடிக்கை குறைந்தது. யாரும் கோபமாகப் போகவில்லை, மெல்ல நின்றுகொண்டார்கள். சித்திரை சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் மட்டும், முன்னால் என்ன இருந்தது என்று தெரியாததால், நன்றாக இருக்கிறது என்றார்கள். வைகாசியில் ஒரு மத்தியானம் கிளப்பில் நான் ஒருத்திதான். திருமலைச்சாமி தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. நாலு வாய் சாப்பிட்டார்.

"டீச்சர், இது குழம்பா?"

"இல்லை."

"எப்ப இருந்து?"

"கல்யாணத்துல இருந்து."

குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். உள்ளே இருந்து முருகம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"முப்பது வருசம் எங்கண்ணன் மேல இருந்த கோவத்துல ஓட்டுனேன். அது தீந்துபோற சமயத்துல இவ வந்தா. இப்ப ரெண்டும் இல்ல," என்றார். "இனிமே கோவப்படணும்னா நடிக்கத்தான் செய்யணும். நமக்கு அது வராது."

"மூடப் போறீங்களா?"

"அவளுக்கு ஊர் நெனப்பா கெடக்கு. ஆனியில பூண்டு ஊனணும். நான் போய் கூடமாட நின்னா என்ன?"

வைகாசி முப்பதாம் தேதி மூடுவதாக ஒரு அட்டையில் நான்தான் எழுதித் தொங்கவிட்டேன். அன்றைக்கு நாயுடுபுரமே வந்தது. பெஞ்சில் இடமில்லாமல் தெருவில் இலை போட்டார்கள். கருப்பம்மாள் முதல் தடவையாக ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டார். பூண்டுக் குழம்பு மூன்று அண்டா. ஒவ்வொருவருக்கும் அவரே ஊற்றி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு போனார்.

"பழைய ருசி அப்படியே இருக்குண்ணே," என்றார் நல்லுசாமி.

"இவ்வளவு நாளு வச்சதுலயே இதுதான் ஒசத்தி," என்றார் சேனாதிபதி. கண்ணில் நீர்கூட வரவழைத்துக்கொண்டார். தெருக்கோடிவரை எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒரு ஊரே சேர்ந்து இவ்வளவு ஒற்றுமையாகப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"டீச்சர் பொய் சொல்லமாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

குழம்பைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு."

"நீங்களுமா?" என்றார்.

"நல்லாத்தான் இல்ல," என்று உள்ளேயிருந்து முருகம்மாள் குரல் கொடுத்தாள். "வெரசா தின்னுட்டு எந்திரிங்க. அண்டாவக் கழுவி மூட்ட கட்டணும்."

அன்றைய குழம்பைத்தான் இப்போது எல்லாரும் சாகாவரம் பெற்றதாகச் சொல்கிறார்கள். சேனாதிபதியே நம்பிவிட்டார். நான் மறுத்தால், "உங்களுக்கு வயசாயிருச்சு டீச்சர், மறதி" என்கிறார். கிளப் இருந்த இடத்தில் இப்போது கம்பளிச் சட்டை விற்கிறார்கள்.

இந்த மாசியில் பூம்பாறைக்குப் போயிருந்தேன். இப்போது ஜீப் போகிறது. திருமலைச்சாமிக்கு அறுபது தாண்டிவிட்டது. குல்லாய் புதுசு. படிநிலத்தில் பூண்டு பச்சைப்பசேலென்று நின்றது. முருகம்மாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவர் இலையில் தயிர்சோறும் நார்த்தங்காயும் மட்டும் இருந்தது.

"பூண்டு இப்ப வயித்துக்கு ஒத்துக்கிறதில்ல டீச்சர். டாக்டர் அறவே விடச் சொல்லிட்டாரு."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பூக்கட்டக் கூப்பிட்டுருவாரு. சொல்லிராதீங்க." குரலைத் தணித்தார். "அவருக்கு வருசா வருசம் ஒரு மூட்ட போயிக்கிட்டு இருக்கு. மேல உருளக்கெழங்குன்னு எழுதி."

சாயங்காலம் ஜீப் நிற்கிற இடம்வரை குடையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். எலித் தொல்லையைப் பற்றியும், கீழ்ப்படியில் தண்ணீர் தேங்குவதைப் பற்றியும் பேசினார். சண்டை உண்டா என்று நான் கேட்டதற்கு, "அவகிட்ட கோவம் வரமாட்டேங்குது டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

ஜீப் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனான். திருமலைச்சாமி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனார். "ஏலே, பொம்பளப் புள்ளைக இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேர வேண்டாமாலே?" என்று ஆரம்பித்தார். எனக்கு ஐம்பது நடக்கிறது. டிரைவரும் விடவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த நாங்கள் ஏழு பேரும் வேடிக்கை பார்த்தோம். டிரைவர் பாதி டீயைக் கொட்டிவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினான். திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் ரோட்டில் நின்று, போகிற வண்டியைப் பார்த்துக் குடையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.